அருவி ஃப்ரீ, கடை பக்கத்துலயே

கேள்வி: சிங்கப்பூர்ல மகன் சாங்கி ஏர்போர்ட்டை ஒட்டி ஜூவெல்னு ஒரு கண்ணாடி மாலுக்கு கூட்டிட்டுப் போனான். உள்ளயே அவ்ளோ பெரிய அருவி, பாக்க பத்து காசு வாங்கல. எப்படிங்க கட்டுப்படியாகுது?
– திருச்சி வாசகி

பதில்: அருவிதாம்மா ஃப்ரீ, அதச் சுத்தி இருக்கறது பூரா கடையாச்சே! முன்னாடி கார் பார்க்கிங்கா இருந்த எடம் அது, 2019ல தொறந்தாங்க, மோஷே சாஃப்டி டிசைன், மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டல்ல மூணு டவர் மேல கப்பல ஏத்தி வெச்ச மாதிரி இருக்குமே, அதுவும் அவர் கைவண்ணம்தான். கண்ணாடிக் கூரை நடுவுல குழிஞ்சு அந்த ஓட்டை வழியா 40 மீட்டர் உயரத்துலேர்ந்து தண்ணி கொட்டுது. ஒவ்வொரு மாடியிலயும் அது வேற மாதிரி தெரியும், இன்னும் நல்ல போட்டோ கெடைக்குமான்னு மாடி மாடியா ஏறுவோம், பேஸ்மென்ட்டுக்கு எறங்குனா அதே தண்ணி அக்ரிலிக் குழாய்க்குள்ள ஓடும், நாம அங்கயும் போய் நிப்போம், போற வழியெல்லாம் கடைதான். இமிக்ரேஷனுக்கு வெளிய இருக்கறதால பிளைட் ஏறாத ஊர்க்காரங்களும் லீவு நாள்ல வந்துடறாங்க. தொறந்தப்ப அருவி பேரோட எச்எஸ்பிசி பேங்க் பேரையும், அதச் சுத்தி உள்ளயே வளத்திருக்கற காட்டு பேரோட ஷிசெய்டோ மேக்கப் கம்பெனி பேரையும் சேத்து வெச்சாங்க! நல்லவேளை, குத்தாலத்த இன்னும் யாரும் கேக்கல. மேல் மாடி பார்க்குக்கு மட்டும் டிக்கெட் உண்டு.

கேள்வி: மால்ல ஜன்னலே வெக்காம ஏன் கட்டுறாங்க?
– மதுரை வாசகர்

பதில்: விக்டர் க்ரூயன்னு வியன்னாவுல பொறந்தவர், 1956ல அமெரிக்காவுல மின்னசோட்டா பக்கம் சவுத்டேல்னு ஒரு மால் கட்டுனார். வெளிய பனி கொட்டுற ஊரு, அதனால பூரா மூடி உள்ள ஒரே சீதோஷ்ணம், நடுவுல உக்காந்து பேச முற்றம். நம்ம மனுஷனுக்கு அது ஊர் கூடுற சதுக்கமா இருக்கணும்னு ஆச, பின்னாடி வந்தவங்க கடைய மட்டும் எடுத்துக்கிட்டாங்க, கடைசி காலத்துல அவரே மால்களத் திட்டித் தீத்துட்டார். வாங்க வந்தத மறந்துட்டு சும்மா சுத்த ஆரம்பிப்போமே, அதுக்கு 'க்ரூயன் டிரான்ஸ்ஃபர்'னே பேரு.

கேள்வி: மாடல் ஃபிளாட் பாத்து மயங்கி புக் பண்ணிட்டேன். கட்டி முடிச்ச அதே மாதிரி ஃபிளாட் ஒண்ணுக்குள்ள போனா சின்னதா தெரியுதே?
– கோவை வாசகர்

பதில்: மாடல் ஃபிளாட்ல பீரோ இருந்துச்சா, துணி காயப் போட்டிருந்தாங்களா? கதவையும் கழட்டிட்டு சின்ன சைஸ் கட்டிலப் போட்டு கண்ணாடிய மாட்டுனா எந்த ரூமும் பெருசாத்தான் தெரியும். அக்ரிமென்ட்ல கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர் போக உள்ள பொழங்குற எடம், என்ன போட்டிருக்குன்னு பாருங்க, 2016ல வந்த ரெராங்கற ரியல் எஸ்டேட் சட்டப்படி அதச் சொல்லியே ஆகணும், அப்புறம் டேப்ப எடுத்துட்டுப் போய் நீங்களே அளந்துடுங்க.