அமெரிக்க மின் கூட்டுறவுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் லியாண்டரில் வீடு வாங்கினோம். கரண்ட் இணைப்பு கேட்டதும் "உறுப்பினரே, வருக" என்று கடிதம் வந்தது. நாங்கள் எதிலும் சேரவில்லையே?

இணைப்பு எடுத்தீர்கள் அல்லவா, அதுவே சேர்ந்ததுதான். உங்களுக்கு மின்சாரம் தருவது பெடர்னேலிஸ் மின் கூட்டுறவு. மின்சாரம் வாங்குகிறவர்களே அதன் சொந்தக்காரர்கள், வெளியே தனியாகப் பங்குதாரர்கள் கிடையாது. மாதம் எவ்வளவு பில் கட்டினாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான்.

கேள்வி: கூட்டுறவு எதற்கு? தனியார் கம்பெனிகளே கிராமத்துக்கும் லைன் இழுத்திருக்கலாமே?

இழுக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் தொடக்கமே. 1930களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் விளக்கு எரிந்தது. கிராமப்புற வீடுகளிலோ பத்தில் ஒன்பதில் மின்சாரம் இல்லை. ஒரு மைலுக்கு இரண்டு மூன்று பண்ணை வீடுகள்தான் இருக்கும், கம்பம் நட்ட காசே திரும்பாது என்பது கம்பெனிகளின் கணக்கு. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது, குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனும் கிடைத்தது. கூட்டுறவு தொடங்க விவசாயிகள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். பல ஊர்களில் உறுப்பினர் கட்டணம் 5 டாலர். அந்தப் பஞ்ச காலத்தில் அதுவே பெரிய தொகை.

பொறியாளர்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். உறுதியான கம்பியைப் போட்டு, கம்பங்களைத் தள்ளித் தள்ளி நட்டு, எல்லா ஊருக்கும் ஒரே வடிவமைப்பை வைத்து, மைலுக்கு 2,000 டாலர் வரை சொல்லப்பட்ட செலவை 1,000க்குள் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் சில கம்பெனிகள் வசதியான பண்ணைகளுக்கு மட்டும் அவசரமாக லைன் இழுத்தன. மிச்சமிருப்பவர்களை வைத்துக் கூட்டுறவுக்குக் கட்டுபடியாகாமல் போகட்டும் என்ற எண்ணம்தான். அப்படியிருந்தும் 1950களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்களின் முதுகுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: பில்லில் "கேபிடல் கிரெடிட்" என்று ஒரு தொகை காட்டுகிறார்கள். அதை இப்போதே வாங்கிக்கொள்ளலாமா?

முடியாது. செலவு போக மிஞ்சும் உபரியை, நீங்கள் வாங்கிய மின்சாரத்தின் அளவுக்கேற்ப உங்கள் பெயரில் வரவு வைக்கிறார்கள். அந்தப் பணம் இப்போது கம்பமாகவும் டிரான்ஸ்பார்மராகவும் நின்றுகொண்டிருக்கிறது. நிதிநிலையைப் பார்த்து இயக்குநர் குழு முடிவெடுத்த பிறகுதான் கைக்கு வரும், பல இடங்களில் இருபது ஆண்டுகூட ஆகும். வீடு மாறினாலும் அது உங்கள் பணமே. போகும்போது புது முகவரியை மறக்காமல் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாததால் உரிமையாளர் கிடைக்காமல் கிடக்கும் தொகைகள் ஏராளம்.

கேள்வி: இயக்குநர் குழுத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு வந்திருக்கிறது. போடாவிட்டால் என்ன ஆகிவிடும்?

தயவுசெய்து போடுங்கள். பெடர்னேலிஸ் கூட்டுறவின் வரலாற்றையே பாருங்கள். 1938இல், அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இளம் உறுப்பினராக இருந்த, பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன் முன்னின்று உருவாக்கிய அமைப்பு அது. பிற்காலத்தில் நிர்வாகம் ஒரு சிலர் கைக்குள் போனது. 2007இல் உறுப்பினர்களே வழக்குத் தொடுத்தார்கள். முன்னாள் பொது மேலாளர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. உறுப்பினர்களின் அந்த வழக்குக்குப் பிறகுதான் கூட்டங்களும் ஆவணங்களும் உறுப்பினர்களுக்குத் திறந்தன. கட்டண உயர்வு முதல் சோலார் விதிகள் வரை முடிவு செய்வது இந்தக் குழுதான். வேட்பாளர் குறிப்பைப் படிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கேள்வி: எங்கள் கூட்டுறவு சூரிய மின்சாரத்துக்கு மாற ஏன் இவ்வளவு தயங்குகிறது?

பெரும்பாலும் ஒப்பந்தம்தான் காரணம். பல கூட்டுறவுகள் சேர்ந்து நடத்தும் மின் உற்பத்தி அமைப்பிடம் பத்தாண்டுக் கணக்கில் மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்டிருப்பார்கள். நியூ மெக்சிகோவின் டாவோஸ் பகுதியில் உள்ள கிட் கார்சன் கூட்டுறவு, ட்ரை-ஸ்டேட் என்ற அமைப்போடு அப்படிக் கட்டுண்டு இருந்தது; தன் தேவையில் 5 சதவீதத்துக்கு மேல் சொந்தமாக உற்பத்தி செய்ய முடியாது. 2016இல் 3.7 கோடி டாலர் விலகல் கட்டணம் கொடுத்து வெளியே வந்தது. 2022இல் வெயில் நாளின் பகல் தேவை முழுவதையும் சூரிய மின்சாரத்தாலேயே ஈடுகட்டும் நிலைக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் இது கட்டுபடியாகும் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள், அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும்.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, ஐந்து இடங்களில் சோதனையாக மின் கூட்டுறவுகள் உருவாயின. அவற்றில் தெலங்கானாவின் சிர்சில்லாவும் கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்து ஹுக்கேரியும் இன்றும் மின் விநியோகம் செய்கின்றன. தமிழ்நாட்டில் அந்த வேலையை மின்வாரியமே எடுத்துக்கொண்டது.