வெடிமருந்தைக் குறைத்தும் கஸ்டம் ரைஃபிளில் சுட்ட கேஸ் ஒட்டிக்கொள்வது ஏன்?

நீங்கள் சொன்ன அறிகுறி இது: புதுப் பித்தளைக் கேஸ்களை (தோட்டாவின் உறை) மறுபடி மறுபடி நிரப்பிச் சுட்டதில் முதல் இரண்டு மூன்று முறை ஒழுங்காக வந்தன. அதற்கப்புறம் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) கைப்பிடியைத் தூக்கினால் முக்கால்வாசி தூரம் லேசாக வருகிறது, உச்சியில் மட்டும் ‘டக்’கென்று பிடிக்கிறது. உள்ளங்கையால் தட்டினால்தான் விடுகிறது. மருந்தைக் குறைத்தும் மாற்றம் இல்லை.

படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் டெக்சாஸில் எனக்கும் இதே கூத்துதான். கன்ஸ்மித் (துப்பாக்கி செய்பவர்) ஒருவர் கட்டிக்கொடுத்த, 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் ரைஃபிள், இலக்குச் சுடுதலுக்கு மட்டும். நாலாவது சுற்றில் ஆரம்பித்தது அந்த ‘டக்’. உடனே மருந்தின் மேல் பழியைப் போட்டு, படிப்படியாகக் குறைத்தேன். குண்டு போகும் வேகம் குறைந்தது, ‘டக்’ குறையவில்லை. ஒரு மாதம் வீண்.

சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். அழுத்தத்தில் பித்தளை உப்பி சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவரோடு அப்பிக்கொள்கிறது, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் மயிரிழை சுருங்குகிறது. அந்த மயிரிழைதான் கேஸ் வெளியே வர இடம். ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸின் அடிப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போகும். டை (மறுபடி நிரப்புமுன் கேஸை ஒடுக்கும் அச்சு) அதைத் திரும்ப ஒடுக்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது முறை சுருங்க இடமே மிஞ்சாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர் மாதிரி இறுகிவிடும்.

கிரீட்மோரில் இது இன்னும் உறைக்கும். அந்தக் கேஸ் அடியில் 0.470 அங்குலம், தோளில் (கழுத்துக்குக் கீழே குறுகத் தொடங்கும் இடம்) 0.462. கிட்டத்தட்ட நேர்க்குழாய். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னம் கேஸைப் பாருங்கள், அடியில் 0.51, தோளில் 0.45 என்று கூம்பு மாதிரி சரியும். அப்படிச் சரிந்த கேஸ் ஒரு நூலிழை நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடும். நேர்க்குழாய் வெளியே வரும்வரை சுவரை உரசிக்கொண்டே வரும்.

கஸ்டம் ரைஃபிள் என்றால் இன்னொரு சிக்கல். கன்ஸ்மித்தின் ரீமர் (சேம்பரைக் குடையும் கருவி) பெரும்பாலும் குறைந்தபட்ச அளவில் இருக்கும். நீங்கள் கடையில் வாங்கிய டை சராசரி சேம்பரை மனதில் வைத்துச் செய்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. என் விஷயத்தில் அடியிலிருந்து 0.2 அங்குலம் மேலே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். சுட்ட கேஸ் 0.4708. டையில் அழுத்திய பின் 0.4705. தோளையும் கழுத்தையும் அழகாக ஒடுக்கிய டை, பிடிக்கிற இடத்தை மட்டும் தொடவே இல்லை! அடியில் 0.0015 முதல் 0.002 அங்குலமாவது ஒடுங்கினால் நல்லது. சாதாரண வெர்னியர் காலிப்பர் போதாது, மைக்ரோமீட்டர்தான் வேண்டும்.

அளப்பதற்கு முன்னால் வேண்டுமானால் மார்க்கர் பேனாவால் ஒரு சுட்ட கேஸைக் கறுப்பாக்கி, சேம்பரில் விட்டு எடுத்துப் பாருங்கள். மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் பிடிக்கிறது. அப்படியே, புதுக் குண்டு ஒன்றைச் சுட்ட கேஸின் கழுத்தில் விரலால் விட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கழுத்தில் இடைவெளி போதவில்லை, அது வேறு நோய், அதோடு ஆபத்தானதும்கூட. குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

சரி, டை ஒடுக்கவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு (நானும் செய்தேன்): டையை இன்னும் கீழே திருகுவது. அது தோளைத்தான் பின்னால் தள்ளும், அடியை அல்ல. தோள் அதிகமாகப் பின்னால் போனால் ஒவ்வொரு சுடுதலிலும் கேஸ் நீண்டு, அடிக்கு மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாக அறுந்துவிடும். அடியை ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை வாங்குங்கள். அது போதாவிட்டால் சுட்ட கேஸ் மூன்றைக் கொடுத்து அந்த அளவுக்கே டை வெட்டித் தரச் சொல்லலாம். விலை கொஞ்சம் கடிக்கும்.

டை சரியாக ஒடுக்குகிறது, ஆனாலும் பிடிக்கிறது என்றால் போல்ட்டைப் பாருங்கள். கைப்பிடியைத் தூக்கும் கடைசிக் கட்டத்தில் அதன் அடிப்பாகம் ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) பின்பக்கச் சரிவில் ஏறி, போல்ட்டை நெம்புகோல் மாதிரி கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். ஒட்டிய கேஸை முதலில் அசைப்பது அந்த இழுப்புதான். கஸ்டம் வேலையில் லக் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) உட்காரும் முகங்களைச் சீவி நேராக்குவார்கள். அப்போது போல்ட் சற்றுப் பின்னால் உட்கார்ந்து, கைப்பிடிக்கும் சரிவுக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கைப்பிடியை மெதுவாகத் தூக்குங்கள். கடைசியில் போல்ட் பின்னால் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நெம்புகோல் வேலை செய்யவில்லை. கைப்பிடியைக் கழற்றி முன்னால் தள்ளிப் பற்றவைக்க வேண்டும். அது கன்ஸ்மித் வேலை.

சேம்பரின் உள்சுவர் சொரசொரப்பும் காரணமாகலாம். சுட்ட கேஸில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தால் ரீமர் விட்ட தழும்பு என்று அர்த்தம். ஆனால் டிரில்லில் எமரித்தாளைச் சுற்றி நீங்களே விட்டுவிடாதீர்கள், ஒரு நிமிஷத்தில் சேம்பர் நீள்வட்டமாகிவிடும். கேஸில் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொள்ளாத கேஸ் முழு விசையோடு போல்ட்டில் மோதும்.

இறுக்கமான சேம்பர் என்றால் துல்லியம் என்று நம்மாட்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. முதல் உலகப் போரில் கனடாக்காரர்கள் ராஸ் ரைஃபிளோடு போனார்கள். இலக்கில் அபாரம். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர (Ypres) போர்முனையில், அளவில் கொஞ்சம் ஏறக்குறைய இருந்த பிரிட்டிஷ் தோட்டாக்களைப் போட்டதும் கேஸ்கள் மாட்டிக்கொண்டன, போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். பின்னால் சேம்பரைப் பெரிதாக்கியும் பார்த்தார்கள். கடைசியில் 1916-இல் லீ என்ஃபீல்டுதான் கைக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை. தூக்கும் ஆரம்பத்திலேயே போல்ட் கனமாக இருக்கிறது, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகியிருக்கிறது, கேஸின் அடியில் இஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் ஊசி) துளையின் பளபளப்பான வட்டம் பதிந்திருக்கிறது என்றால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்கல்ல. அது அதிக அழுத்தம். அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். வெயிலில் காரில் கிடந்த தோட்டாவிலும் இது நடக்கும், டெக்சாஸ் ஆகஸ்டில் எனக்கே நடந்திருக்கிறது. சுட்ட காலிக் கேஸ் மாட்டினால் போல்ட்டைத் திறந்து, முன்வாயிலிருந்து கிளீனிங் ராடால் மெல்லத் தட்டலாம். சுடாத தோட்டா மாட்டினால் தட்டவே கூடாது, கன்ஸ்மித்திடம் போங்கள்.

என்னுடையது புது டை வந்ததும் 0.4689-க்கு இறங்கியது. பழைய நாற்பது கேஸில் மூன்று மட்டும் இன்னமும் ‘டக்’ என்கின்றன. அவற்றைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், தூக்கி எறிய மனசு வரவில்லை.