கேள்வி – பதில்: ‘போர்டு’ என்ற சொல்லுக்குள் எத்தனை போர்டுகள்?

கேள்வி: பழைய உணவு விடுதிகளின் பெயர்ப்பலகையில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருக்கிறது. விமான நிலையத்தில் ‘போர்டிங் பாஸ்’ தருகிறார்கள். வகுப்பறையில் எழுதுவதும் போர்டு, நிறுவனத்தை நிர்வகிப்பதும் போர்டு. இவை அனைத்தும் ஒரே சொல்தானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு ஒன்றல்ல. பழைய ஆங்கிலத்தில் இதே வடிவத்தில் இரு சொற்கள் இருந்தன என்றும், ஒன்று அறுத்த மரப்பலகையையும் மற்றொன்று விளிம்பை, குறிப்பாகக் கப்பலின் பக்கத்தை, குறித்தன என்றும் சொற்பிறப்பு அகராதிகள் கூறுகின்றன. கப்பலின் பக்கமும் பலகைகளால் ஆனதுதான் என்பதால், இவ்விரண்டும் வெகு காலத்துக்கு முன்பே பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன.

பலகையிலிருந்து கிளைத்த பொருள்கள்தாம் சுவையானவை. இடைக்கால இங்கிலாந்தில், பெருங்குடியினர் வீட்டுக் கூடங்களில் மரத் தாங்கிகளின் மேல் நீண்ட பலகையைக் கிடத்தி உணவு பரிமாறுவார்கள். பந்தி முடிந்ததும் பிரித்துச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அதனால் ‘போர்டு’ முதலில் மேசையைக் குறித்தது, பிறகு மேசைமேல் வரும் உணவையே குறித்தது. ‘ஊர் சிரித்தது’ என்பதை இடவாகுபெயர் என்று நாம் பள்ளியில் படித்தோம் அல்லவா, அதே கணக்குத்தான். ‘போர்டிங்’ என்றால் தங்குவது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது சாப்பாடு, ‘லாட்ஜிங்’தான் தங்கல். ‘போர்டிங் ஸ்கூல்’ என்பதை ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்று நம் அரசு ஆவணங்கள் எழுதுவதில் ‘உண்டு’ என்ற சொல்லுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது. அதை வெறும் ‘விடுதிப் பள்ளி’ என்று சுருக்குகிறவர்கள் மூலச்சொல்லின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அதே மேசையைச் சுற்றி அமர்ந்து ஆலோசனை செய்தவர்களுக்கும் மேசையின் பெயரே ஆகிவந்தது. ‘போர்டு ஆஃப் டைரக்டர்ஸ்’ அப்படிப் பிறந்ததுதான். போர்டிங் பாஸோ கப்பல் கிளையைச் சேர்ந்தது. கடற்போரில் எதிரிக் கப்பலின் பக்கத்தை ஒட்டி வந்து அதில் பாய்ந்து ஏறுவதற்கு வழங்கிய சொல், காலப்போக்கில் சண்டையை இழந்து, ரயில், விமானம் என எதில் ஏறுவதற்கும் உரியதாயிற்று.

கேள்வி: ‘அபவ் போர்டு’, ‘அக்ராஸ் த போர்டு’, ‘கோ பை த போர்டு’ ஆகிய தொடர்களைப் போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறேன், ஒன்றுக்கொன்று குழம்புகிறது. எளிய வழி உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: தேர்வுக் கையேடுகள் இவற்றை அகரவரிசையில் அடுக்கிவிடுவதால் வருகிற குழப்பம் இது. ஒவ்வொரு தொடரிலும் வருவது எந்த போர்டு என்று கேட்டுப் பாருங்கள்.

‘அபவ் போர்டு’ சீட்டாட்ட மேசை. ஆடுகிறவரின் கைகள் மேசைக்கு மேலே தெரிந்தால் சீட்டை மாற்ற வழியில்லை. ஆகவே ஒளிவுமறைவற்றது என்று பொருள். ‘ஸ்வீப் த போர்டு’ என்பதும் அதே மேசைதான்: வென்றவர் பந்தயப் பணம் முழுவதையும் வாரிக்கொள்கிறார்; பரிசுகள் அனைத்தையும் ஒருவரே தட்டிச் செல்லும்போது இன்று இதைச் சொல்கிறோம்.

‘அக்ராஸ் த போர்டு’ அமெரிக்கக் குதிரைப் பந்தயத் திடலில் பந்தய விகிதங்களை எழுதிவைக்கும் பலகை. ஒரே குதிரையின் மீது, அது முதலாவதாக வருவதற்கும், இரண்டாவது இடத்துக்குள் வருவதற்கும், மூன்றாவது இடத்துக்குள் வருவதற்கும் சமமான தொகையைக் கட்டுவதை அப்படிச் சொன்னார்கள். ஊழியர் அனைவருக்கும் பாகுபாடின்றி ஊதிய உயர்வு தருவதை இன்று அத்தொடரால் குறிக்கிறோம்.

‘கோ பை த போர்டு’ கப்பலின் பக்கம். புயலில் முறிந்த பாய்மரம் பக்கவாட்டில் சரிந்து கடலில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. கைவிடப்பட்ட திட்டத்துக்கும் அதே கதி. அளவு மீறிப் போவதைச் சொல்லும் ‘கோ ஓவர்போர்டு’ என்ற தொடரையும் இதனுடன் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வயதில் இளையது ‘பேக் டு த டிராயிங் போர்டு’. அமெரிக்க ஓவியர் பீட்டர் ஆர்னோ 1941-இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் வரைந்த கேலிச்சித்திரம் இதைப் பரப்பியது. விமானம் ஒன்று தரையில் மோதிக் கிடக்கிறது, அதை வடிவமைத்தவர் வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறுபடியும் வரைபலகைக்கே போக வேண்டியதுதான் என்று சலனமின்றி நடக்கிறார்.

கேள்வி: கப்பலின் வலப்பக்கத்தை ‘ஸ்டார்போர்டு’ என்கிறார்களே, நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டியதாலா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்லை. ‘ஸ்டீர்’, அதாவது செலுத்துதல், என்பதன் திரிபு அது. பின்புற நடுவில் சுக்கான் பொருத்தும் முறை வருவதற்கு முன், வட ஐரோப்பியக் கப்பல்களைச் செலுத்தும் பெருந்துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. அத்துடுப்பு இடிபடாமலிருக்க, கரையில் அணைக்கும்போது இடப்பக்கத்தைத் துறைமுகத்தை நோக்கி நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துக்கு ‘லார்போர்டு’ என்று பெயர். காற்று இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோல் காதில் விழுந்து விபரீதம் விளையக்கூடும் என்பதால், பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் ‘லார்போர்டு’ என்பதை நீக்கி, துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்’ என்ற சொல்லை வழங்க ஆணையிட்டது.

கேள்வி: மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம் என்பவற்றில் வரும் ‘வாரியம்’ புதிதாக உருவாக்கிய சொல்லா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே விடை இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, அதாவது பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் குறிக்கப்படுகின்றன. சட்டப்படி அமைந்த அரசு அமைப்புகளுக்கு அச்சொல்லை மீட்டெடுத்தது நல்ல தேர்வு என்பேன். நிறுவனங்களுக்கு ‘இயக்குநர் குழு’ என்பதும் கோயில்களுக்கு ‘அறங்காவலர் குழு’ என்பதும் நிலைத்துவிட்டன. அங்கே வாரியத்தை நுழைக்க வேண்டியதில்லை.