பீர் ஆலை தொடங்க நினைக்கும் மகளும் லைசென்ஸ் கட்டணமும்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா,

பி.டெக். பயோடெக்னாலஜி முடித்த உங்கள் மகள் இரண்டு தோழிகளோடு சேர்ந்து பெங்களூருவில் மைக்ரோபிரூவரி (அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கும் சிறு பீர் ஆலை) தொடங்க ஆசைப்படுகிறாள். அதற்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வைக்காதீர்கள். அவள் தேர்ந்தெடுத்தது நல்ல துறை, படித்த படிப்புக்கும் நேராகப் பொருந்துகிறது. ஆனால் இந்தத் தொழிலில் முதல் கிளாஸ் பீர் விற்கும் முன்பே பெரிய தொகை அரசுக்குப் போய்விடும். அந்தப் பணம் எதற்கு, எப்போது, எத்தனை தடவை போகிறது என்பது புரியாமல் கடன் வாங்கக் கூடாது.

மது, மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கும் பொருள். அரசியலமைப்பின் 7-ஆவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனம் தயாரிப்பு முதல் விற்பனை வரை மாநிலத்திடம் கொடுக்கிறது. 51-ஆவது இனம் மதுவின் மேல் ஆயத்தீர்வை (எக்சைஸ் வரி) போடும் உரிமையைக் கொடுக்கிறது. குடிக்கும் மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் ஒரு மாநிலத்தின் கணக்கு அடுத்த மாநிலத்துக்குப் பொருந்தாது. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைக் கடை டாஸ்மாக் கையில். தனியாருக்கு மனமகிழ் மன்றங்களுக்கான எஃப்எல்-2, நட்சத்திர ஹோட்டல்களுக்கான எஃப்எல்-3 போன்ற உரிமங்கள்தான்.

மளிகைக் கடைக்கு வாங்கும் டிரேட் லைசென்ஸ் போல மது உரிமத்தை நினைக்க வேண்டாம். 1975-இல் ஹர்சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மது வணிகம் யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அரசு தன் தனியுரிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது, அதற்கான விலைதான் உரிமக் கட்டணம். விலை என்பதால், "வியாபாரம் ஓடவில்லை, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பிறகு கேட்டால் எடுபடாது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஆந்திராவைப் பாருங்கள். 2024 அக்டோபரில் 3,396 மதுக்கடைகளைக் குலுக்கல் முறையில் தனியாருக்குக் கொடுத்தார்கள். விண்ணப்பக் கட்டணம் 2 லட்சம், திரும்பக் கிடைக்காது. வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 90,000. கடை கிடைக்காதவர்களின் 2 லட்சம் போனது போனதுதான். கிடைத்தவர்களுக்கு அதற்கு மேல் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்த ஆண்டு உரிமக் கட்டணம் தனி. டெல்லியில் 2021 நவம்பரில் வந்த புதிய மதுக் கொள்கை 2022 ஆகஸ்ட் முடிவதற்குள் திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பிக் கடை பிடித்து, உள்வேலை செய்தவர்கள் பத்து மாதம்கூட நடத்த முடியவில்லை. கொள்கை மாறும் என்பதை ஒரு செலவாகவே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெங்களூருவுக்கு வருவோம். கர்நாடகத்தில் சில்லறைக் கடைக்கான சிஎல்-2, பார்-ரெஸ்டாரண்டுக்கான சிஎல்-9 ஆகிய உரிமங்கள் 1992-க்குப் பிறகு பல ஆண்டுகள் புதிதாக வழங்கப்படவே இல்லை. அதனால் பழைய உரிமத்தைக் கைமாற்றி வாங்கும் சந்தை உருவாகி, அரசின் ஆண்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு விலை பேசப்படுகிறது. பீரைப் பரிமாற இப்படியொரு பார் உரிமத்தையும் வாங்க வேண்டியிருந்தால், மகளின் திட்ட அறிக்கையில் அரசுக் கட்டணம் மட்டும் இருப்பது பாதிக் கணக்கு. இன்னொன்று, அங்கே ஆயத்தீர்வை ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஏப்ரலில் உரிமம் கைக்கு வந்தால் மூன்றே மாதத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். இடம் வாடகைக்கு எடுத்த பிறகுதான் விண்ணப்பமே போட முடியும் என்பதால், அனுமதி வரும் வரை வாடகை சும்மா ஓடும். அந்த மாதங்களைத் திட்டத்தில் போட மறப்பவர்கள்தான் அதிகம்.

கட்டணம் ஒன்றோடு முடியாது. பாட்டிலில் விற்றால் ஒவ்வொரு லேபிளுக்கும் ஆண்டுப் பதிவுக் கட்டணம், வெளிமாநிலத்துக்கு அனுப்பப் பெர்மிட், முன்வைப்புத் தொகை, ஆயத்தீர்வை தனி; உணவுப் பாதுகாப்பு உரிமமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும் இதற்கு வெளியே.

கணக்கு எங்கே தவறும் என்பதற்கு ஓர் உதாரணம். பீருக்குத் தீர்வை பொதுவாக அளந்த லிட்டரில்தான். விஸ்கி, பிராந்திக்குப் பல மாநிலங்களில் புரூஃப் லிட்டர், அதாவது ஆல்கஹாலின் வலிமையையும் சேர்த்துக் கணக்கிடும் லிட்டர். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டில்கள் 12 கொண்ட ஒரு பெட்டி 9 லிட்டர். தீர்வைக்கு அது 6.75 புரூஃப் லிட்டர். இந்த வலிமைக்கு 9 லிட்டரை 0.75-ஆல் பெருக்க மறந்தால் தீர்வைக் கணக்கே தப்பு. 50 மில்லி ஆல்கஹாலில் 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் 100 வராது, 96, 97 மில்லிதான் வரும். வெப்பநிலை ஏறினால் அளவு கூடும். இதெல்லாம் தெரியாமல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்து, வெறும் கூட்டலை ஆயத்தீர்வை ரிஜிஸ்டரில் எழுதினால் தொட்டியில் குறைவு தெரியும். அனுமதித்த சேதாரத்துக்கு மேல் போனால் விற்காத சரக்குக்கும் தீர்வை, அபராதம். உங்கள் மகளின் கெமிஸ்ட்ரி தினமும் பயன்படப்போகும் இடம் இதுதான்.

ஆகவே முதலில் அவள் ஓர் ஆலையில் வேலைக்குப் போகட்டும். கான்பூரில் உள்ள தேசிய சர்க்கரை நிறுவனத்திலும், புனே அருகே மாஞ்சரியில் உள்ள வசந்ததாதா சர்க்கரை நிறுவனத்திலும் நொதித்தல், ஆல்கஹால் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்புக்குப் பிந்தைய படிப்புகள் உண்டு. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பதால் வடிப்பாலைகளில் (டிஸ்டில்லரி) தரக் கட்டுப்பாடு, நொதித்தல் வேலைகள் குடிக்கும் மதுவோடு நிற்பதில்லை. "சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்" என்ற கவலை உங்களுக்கு இருந்தால், எத்தனால் ஆலையில் தொடங்குவது இரண்டு பேருக்குமே எளிது. மூன்று நான்கு வருடத்தில் காய்ச்சவும் கற்பாள். ஆயத்தீர்வை ரிஜிஸ்டரையும் எழுதக் கற்றுக்கொண்டு வரச் சொல்லுங்கள். காய்ச்சத் தெரிந்தவர்கள் நிறைய, ரிஜிஸ்டர் தெரிந்தவர்கள் குறைவு.

அதற்குப் பிறகும் மைக்ரோபிரூவரிதான் என்றால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கு பதில்களை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் யார் பெயரில்? தோழிகளில் ஒருவர் விலகினால் ஆயத்தீர்வைத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது. ஆயத்தீர்வை ஆண்டின் நடுவில் தொடங்கினால் கட்டணம் முழு ஆண்டுக்கா, மீதி மாதங்களுக்கா? கடையை வேறு இடத்துக்கு மாற்ற எவ்வளவு? நீங்கள் எடுக்கும் இடம் பள்ளி, கோயில், நெடுஞ்சாலையிலிருந்து எத்தனை மீட்டர்? கடைசிக் கேள்விக்குத் தரகர் சொல்வது போதாது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உத்தரவிட்டபோது, உரிமம் கையில் இருந்த கடைகளே மூட வேண்டி வந்தது. சர்வேயரை வைத்து அளந்து, அந்த வரைபடத்தோடு துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.