விறாந்தை வகுப்பு உங்களுடையது

அன்பின் ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 26 வயது. ஊர் உப்புவெளி. அண்ணா திருகோணமலை ரவுனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறார். நல்ல பெயர், மூதூர், கிண்ணியாவில் இருந்தெல்லாம் வருவார்கள். நானும் கணிதப் பிரிவுதான். இசட் புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணாவின் வகுப்பில் விடைத்தாள் திருத்துவது, காசு சேர்ப்பது என்று இருக்கிறேன்.

எங்கே போனாலும் "சேரின்ட தம்பி"தான். பலருக்கு என் பெயரே தெரியாது. அண்ணா காய்ச்சலில் கிடந்தபோது அவருடைய வகுப்பை எடுத்தேன். அவரைப் போலவே வேகமாக எழுதி, அவருடைய பகிடியையே சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "அவனிட்ட இருக்கிறதில கால்வாசியாவது உனக்கு இருந்திருக்கலாம்" என்கிறார் அம்மா. அதை நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை.

சாதாரண தரத்தில் கணிதம் தவறிய அயல் பிள்ளைகள் சிலர் பின்னேரங்களில் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். அந்த நேரம் மட்டும் மனசு லேசாக இருக்கும். போன கிழமை, ஒரு எண்ணின் இருமடங்கோடு 3 கூட்டினால் 11 என்ற கணக்கில், 3ஐ மற்றப் பக்கம் கொண்டுபோய்க் கூட்டி 14 என்று எழுதியிருந்தாள் ஒரு பிள்ளை. தராசு கீறி, "இந்தத் தட்டில 3 எடுத்தா அந்தத் தட்டிலயும் எடுக்கத்தானே வேணும்?" என்றேன். மிச்சக் கணக்கெல்லாம் தானே செய்தாள். ஆனால் இதெல்லாம் ஒரு திறமையா? அண்ணாவின் பிள்ளைகள் பொறியியல் பீடத்துக்குப் போகிறார்கள்.

— ஒரு தம்பி, உப்புவெளி

அன்பின் தம்பிக்கு,

அந்தத் தராசைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பக்கம் மாறினால் குறி மாறும் என்று பாடமாக்கிய விதியை மறந்துவிட்டாள். ஏன் மாறுகிறது என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. பிழையைக் கண்டதும் அது எங்கே தொடங்கியது என்று பிடித்தீர்களே, கணக்கில் கெட்டிக்காரர் பலருக்கு அது வராது. அவர்கள் அந்த இடத்தில் ஒருநாளும் தடுமாறியிருக்க மாட்டார்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்கான வழியே அடைபட்டுப் போகக்கூடிய நாடு இது. உங்கள் விறாந்தைக்கு வரும் பிள்ளைகள் அண்ணாவின் வகுப்பு வாசல் வரைக்கும்கூடப் போக முடியாதவர்கள்.

உங்களுக்கு வலிப்பது பொறாமையால் என்று நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். ஏப்ரகாம் டெசர் என்ற உளவியலாளர் 1980களில் இதை விளக்கினார்: நமக்கு மிக நெருங்கியவர், நாம் உயிராக நினைக்கும் அதே துறையில் நம்மை முந்தும்போதுதான் ஒப்பீடு அதிகம் சுடும். அண்ணா பாட்டுக்காரராக இருந்திருந்தால் முதல் வரிசையில் இருந்து கைதட்டியிருப்பீர்கள். இப்படியான நிலையில் சிலர் அந்த உறவை விட்டு விலகுவார்கள், சிலர் அந்தத் துறையையே கைவிடுவார்கள். உங்களுக்கு இரண்டும் தேவையில்லை. கணிதத்துக்குள்ளேயே உங்கள் இடம் வேறு, அவருடைய இடம் வேறு. அவருடைய பகிடி உங்கள் வாயில் எடுபடாமல் போனதில் ஆச்சரியமும் இல்லை.

அம்மா பாராட்டிய பிறகுதான் தன்னம்பிக்கை வரும் என்று காத்திருக்காதீர்கள். நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்று அல்பேர்ட் பந்துரா 1977இலேயே எழுதினார். மற்றவர் சொல்லும் ஊக்கம் அதற்குப் பிறகுதான். அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தப் பிள்ளை எங்கே பிழைவிட்டது, என்ன சொன்னபோது விளங்கியது என்று அன்றன்றே எழுதி வையுங்கள். சில மாதங்களில் அது உங்கள் சொந்தப் பாடக்குறிப்பாகிவிடும்.

அப்புறம், கிழமையில் இரண்டு பின்னேரம் உங்களுக்கு வேண்டும் என்று அண்ணாவிடம் நேராகக் கேளுங்கள். வகுப்பை உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள். சின்னத் தொகையாவது கட்டணம் வையுங்கள். இலவசமென்றால் வீட்டார் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைப்பார்கள். கொடுக்க முடியாத பிள்ளையிடம் வாங்காமல் விடலாம், அது உங்கள் விருப்பம். அம்மாவிடமும் தனியாக இருக்கும்போது, "அந்த வார்த்தை எனக்கு நோகுது அம்மா" என்று ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.

நித்திரையின்மையும் மனச்சோர்வும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அண்ணாவிடம் கதைக்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: அவருடைய மாணவர்களின் தம்பி, தங்கைகளில் கணிதத்துக்குப் பயந்த பிள்ளைகள் இருந்தால் உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.