தண்ணீர்ப் போத்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர், இரண்டு குவளைகளில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கிவிட்டது. அவருடைய வடிகட்டித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இந்த அழுக்கையா இத்தனை நாளும் குடித்தோம்? இனிப் போத்தல் தண்ணீர்தான் வாங்க வேண்டுமா? (வாசகி, யீஷூன்)

பதில்: இல்லை, அம்மா. அந்தப் பழுப்பு நிறம் அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. கம்பியில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்த, இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. உப்புகளை நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அதனால் துருவும் கிளம்பாது. அடுத்த முறை அந்தத் தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும்.

தனியாக இருக்கும் முதியவர்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் இந்த வித்தையை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. சிங்கப்பூரில் தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீரை வடிகட்டாமலே குடிக்கலாம். மாதம் 40 கன மீட்டர் (40,000 லிட்டர்) வரை, 1,000 லிட்டருக்குப் பொருள் சேவை வரி நீங்கலாக 3.24 வெள்ளிதான். கடையில் ஒரு போத்தல் என்ன விலை என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: காரில் வெயிலில் கிடந்த போத்தலைக் குடிக்கலாமா? பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: ஒரு பிற்பகல் கிடந்ததால் ஆபத்து வந்துவிடாது. வெப்பத்தில் போத்தலிலிருந்து அசிட்டால்டிஹைடு கசியும், வாடைக்கு அதுவே முக்கியக் காரணம். ஆன்டிமனி என்ற தனிமமும் மிகச் சிறிதளவு கசியும். சூடும் நாளும் கூடக் கூட அதுவும் கூடும். ஆகவே பெட்டி பெட்டியாக வாங்கிக் காரின் பின்புறத்திலோ வெயில் விழும் தாழ்வாரத்திலோ வாரக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: அலுவலகத்தில் 19 லிட்டர் போத்தலைக் கவிழ்த்து வைக்கும் இயந்திரம் இருக்கிறது. அதன் குழாய் முனை வழுவழுப்பாக இருக்கிறதே? (வாசகர், ஜூரோங்)

பதில்: இதைத்தான் நீங்கள் உடனே கவனிக்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரமின், வீட்டுக் குழாய் வரை கிருமிகளைக் கட்டுப்படுத்திக்கொண்டே வருகிறது. போத்தல் தண்ணீரில் பொதுவாக அப்படி ஒரு காவல் கிடையாது. திறந்தபின் உள்ளே போகும் கிருமி தங்கிப் பெருகும். நீங்கள் தொட்டுப் பார்த்த வழுவழுப்பு, கிருமிகள் கூடிக் கட்டிய படலம். சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு இத்தகைய ஈரமான இடம் மிகவும் பிடிக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சக ஊழியருக்குத் தொற்றாக மாறலாம். தயாரிப்பாளர் சொன்னபடி இயந்திரத்தின் உட்புறத்தைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்லுங்கள். முனையைத் தினமும் துடையுங்கள். புதுப் போத்தலை மாட்டும் முன் கைகளைக் கழுவிவிட்டு, அதன் கழுத்தையும் துடையுங்கள். வாய் வைத்துக் குடித்த சிறு போத்தலை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: கைக்குழந்தையின் பால் மாவுக்குப் போத்தல் தண்ணீர்தான் நல்லது என்கிறார் மாமியார். (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: போத்தல் தண்ணீர் கிருமியற்றது அல்ல. எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து, 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் மாவைக் கலக்குங்கள். மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சூடு. பிறகு நன்கு ஆறவைத்துக் கொடுங்கள். உப்புச் சத்து மிகுந்த தாதுநீரைக் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள்.