குடல் தொற்றுக்கு ஃபேஜ் மருந்து: வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. மூன்று மாதமாக விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு. மலக் கல்ச்சரில் ஷிகெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. சோதித்த மாத்திரைகள் எதற்கும் அது கட்டுப்படவில்லையாம். கிருமியைக் கொல்லும் வைரஸ் சொட்டு மருந்து ஆன்லைனில் விற்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்; ஃபேஜ் சிகிச்சை ஏமாற்று வேலை இல்லை. 1917-ல் நுண்ணுயிரியலாளர் ஃபெலிக்ஸ் டெரெல் இந்த வைரஸ்களை அடையாளம் கண்டதே, சீதபேதியிலிருந்து தேறி வந்தவர்களின் மலத்தில்தான். ஜார்ஜியாவில் 1923-ல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் குடல் தொற்றுக்கு இதை வாய்வழியாகத் தருகிறது.

ஆனால் ஒரு ஃபேஜ் ஷிகெல்லாவிலேயே சில ரகங்களைத்தான் தாக்கும். அதனால் முதலில் நோயாளியின் கிருமியை அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) பரப்பி, ஒவ்வொரு ஃபேஜிலும் ஒரு சொட்டு வைத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி பால்படலம்போல் படர்ந்திருக்கும். சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தால் அந்த ஃபேஜ் தேறும். கலங்கலாக இருந்தால் கிருமியில் ஒரு பகுதி தப்பிவிட்டது என்று பொருள்.

தேறிய பிறகும் தடைகள் உண்டு. வயிற்று அமிலம் ஃபேஜைச் சிதைக்கும்; அதனால் அமிலத்தைத் தணித்துவிட்டோ, அமிலத்தில் கரையாத கேப்ஸ்யூலிலோதான் கொடுக்க வேண்டும். குடலில் கிருமி குறைவாக இருந்தால் ஃபேஜ் பெருகாது. வங்கதேசக் குழந்தைகளிடம் இ.கோலை ஃபேஜைக் கொடுத்துப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வில் பாதகம் எதுவும் இல்லை, பலனும் இல்லை. சில ஃபேஜ்கள் நச்சு மரபணுவையே சுமந்து திரிபவை. மரபணுவைப் படித்து அவற்றை விலக்காத பாட்டிலை நம்பி வாயில் ஊற்றக் கூடாது.

எனக்கு உறுத்துவது வேறு. ஷிகெல்லா பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மூன்று மாதம் நீடிக்கிறது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் சி.டிஃபிசில் என்ற பாக்டீரியா, அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள், குடல் அழற்சி நோய். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் தேவைப்படலாம். ஊசி மருந்துகளுக்கும் சோதித்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

இன்றே லேபைக் கூப்பிட்டு, வளர்த்த கிருமியைத் தூக்கிப் போடாமல் உறைநிலையில் வைக்கச் சொல்லுங்கள். சில நாட்களில் அழித்துவிடுவது வழக்கம். அது இல்லாமல் பின்னால் ஃபேஜ் பொருத்தம் பார்க்க முடியாது. பிறகு தொற்றுநோய் நிபுணரிடம் காட்டுங்கள்.

அதுவரை, ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போனதும் கொடுங்கள். 24 மணி நேரம் கடந்ததைக் கொட்டிவிடுங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை கூடாது. சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.